எர்த் சரியாக இருக்கிறதா?

கம்போங் மேடான் அடுக்குமாடிகளுக்குக் கீழே, மாலை வேளையில் பானெட் திறந்து நிற்கும் பழைய புரோட்டோன் சாகாவைக் காண்பது அதிசயமன்று. 1985இல் வெளிவந்த முதல் சாகாவில் இருந்தது கார்புரேட்டர் என்ஜின். பெட்ரோலை அளக்கக் கணினி தேவைப்படவில்லை. நம் இளைஞர்கள் சிலர் அதில் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்‌ஷன் என்ஜினைப் பொருத்தி, தனியாக வாங்கிய இசியு எனும் என்ஜின் கணினியையும் இணைக்கிறார்கள். மாதக்கணக்கில் சேர்த்த சம்பளப் பணம் அதில் போகிறது. என்ஜின் தடுமாறினால், கணினி கெட்டுவிட்டதென்று இன்னொன்று வாங்கப் புறப்படுகிறார்கள். நண்பர்களே, சற்றுப் பொறுங்கள்! முதலில் எர்த்தைப் பாருங்கள்.

எர்த் என்றால் என்ன? ரப்பர் டயரில் நிற்கும் காருக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியே எர்த். காரின் இரும்பு உடலும் என்ஜினும் இவ்வழியாகப் பயன்படுகின்றன. இடையில் பெயிண்டோ துருவோ இருந்தால் தடை உண்டாகும். 0.02 ஓம் தடை வழியே 20 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் இழப்பு. விளக்குக்கு இது பெரிதன்று. ஆனால், என்ஜினின் சென்சார்கள் பெரும்பாலும் 0 முதல் 5 வோல்ட்டுக்குள்தான் செய்தி அனுப்புகின்றன. அதில் 0.4 வோல்ட் பிசகினால் கணினி ஏமாந்து, பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். கூடினால் கரும்புகை, மிகக் குறைந்தால், வேகமாக ஓட்டும்போது பிஸ்டனே உருகலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து என்ஜினுக்கு ஒரு தடித்த கேபிள், உடலுக்கு ஒன்று போடுங்கள். கணினியின் எர்த் ஒயர்களைக் கையேடு காட்டும் ஒரே இடத்தில் சேருங்கள். சென்சார்களின் எர்த்தைக் கார் உடலில் முடுக்காதீர்கள். கணினியில் அதற்கென உள்ள முனைக்கே கொண்டு வாருங்கள். சென்சார் ஒயர்களைப் பிளக் கேபிள்களுக்கு அருகில் ஓட்டாதீர்கள். முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கிய பின் கிரீஸ் பூசுங்கள். மழையும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் துரு விரைவில் பிடிக்கும்.

இனிச் சோதனை. ஓம் அளந்து திருப்தி அடைய வேண்டாம். ஒரே ஓர் இழை ஒட்டியிருக்கும் ஒயரும் அந்தச் சோதனையில் தேறிவிடும். என்ஜினை ஓடவிட்டு, விளக்கையும் காற்றாடியையும் போட்டு, கணினியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. கூடுதலாக இருந்தால் கோளாறு அவ்வழியில்தான்.

இன்னும் இரண்டு சொற்கள். நேர்முனை ஒயருக்குப் பேட்டரியின் அருகிலேயே பியூஸ் போடுங்கள். உரசும் ஒரு ஒயர் காரையே எரித்துவிடும். என்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலையும் பெறுங்கள்.

அளந்து பார்க்காமல் பொருளை மாற்றுவது, நோயறியாமல் மருந்துண்பதற்குச் சமம். புதுக் கணினிக்குப் பணம் எடுக்கும் முன், ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுப்போம்.