கன்ட்ரோலரின் தேய்மானம்

வீடியோ விளையாட்டில் திரையிலுள்ள உருவம், எவரும் தொடாமலேயே ஒரு பக்கமாக நடக்கத் தொடங்குமாயின், பழுது பெரும்பாலும் ஆடுவோர் கையிலுள்ள கன்ட்ரோலரில் இருக்கும். இதனை ஆங்கிலத்தார் 'டிரிஃப்ட்' என்பர். தமிழில் 'தன்னகர்வு' எனல் பொருந்தும். இப்பழுது கண்டதும் கன்ட்ரோலரையே எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். தேய்ந்த உறுப்பு யாதென ஆராயின், விரல்நகத்தினும் சிறியதொரு கரிப்பூச்சே என்பது புலனாகும்.

ஜாய்ஸ்டிக் எனப்படும் சிறு தண்டின் அடியில் இரண்டு மின்தடைகள் உள்ளன. ஒன்று இடவல அசைவையும், மற்றொன்று மேல்கீழ் அசைவையும் அளக்கின்றது. தண்டு சாயும்போது மெல்லிய உலோக நாக்கு ஒன்று கரிப்பூச்சின்மீது உராய்ந்து செல்லும். அது நிற்கும் இடத்திற்கேற்ப மின்னழுத்தம் மாறும். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் இதே அமைப்புடையதே. நாட்பட்ட குமிழைத் திருப்பும்போது எழுந்த கரகரப்பும், இன்றைய தன்னகர்வும் ஒரு தாய்ப்பிள்ளைகள் எனலாம். எத்திசையில் சாய்த்தாலும் தண்டு நடுவுக்கே மீள்வதால், பூச்சும் நடுவிலேயே மிகுதியாகத் தேய்கின்றது. அதன்பின் தண்டு நேராக நின்றாலும், சாய்ந்து நிற்பதாகவே கருவி கணக்கிடும்.

ஜப்பானின் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனத்தின் கன்ட்ரோலர்களை வரிசையாக நோக்கின் தேய்மானத்தின் வகைகள் விளங்கும். 1983இல் வந்த ஃபாமிகாமில் தண்டே இல்லை, பொத்தான்கள் மட்டுமே. பொத்தானுக்கு அடியிலுள்ள ரப்பரில் கரி கலந்த வில்லை ஒன்று பதிந்திருக்கும். அது மின்பலகையைத் தொட்டால் சுற்று இணையும். பொத்தான் கேளாவிடில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சினால் வில்லையையும் பலகையையும் துடைத்தலே பலவேளைகளில் போதும். 1996இல் வந்த நிண்டெண்டோ 64இன் தண்டு ஒளியினால் அளப்பது. ஆகவே அங்குக் கரிப்பூச்சு இல்லை. எனினும் தண்டின் அடி பிளாஸ்டிக் கிண்ணத்தில் உராய்ந்து வெண்பொடியாக உதிர, தண்டு தளர்ந்து தொங்கும். அதற்குக் கிண்ணத்தை மாற்றுவதே வழி.

2017இல் வந்த ஸ்விட்ச் கருவியின் ஜாய்கான்களோ தன்னகர்வுக்கே பெயர்பெற்றவை. 2020 ஜூனில் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் சுந்தாரோ ஃபுருகாவா இதற்காக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் வீட்டிலேயே பழுதுபார்ப்பதற்கு இதனினும் இணக்கமானது அரிது. பின்புறத்து நான்கு திருகாணிகளும் மூன்று கால் கொண்டவை. சாதாரணத் திருப்புளியால் முயன்றால் தலை நைந்துவிடும். மூடியை அகலத் திறத்தலும் ஆகாது; இரு பாதிகளையும் மெல்லிய கம்பிப்பட்டைகள் இணைத்திருக்கின்றன. முதலில் மின்கலத்தின் இணைப்பை அகற்றுதல் வேண்டும்; லித்தியம் கலமாதலின் கூரிய இரும்புமுனை அதில் படலாகாது. தண்டின் பட்டையைப் பிடித்திழுத்தலும் தவறு. அதன் சிறு தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்தினால் பட்டை தானே நெகிழும். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் தண்டு முழுவதும் கையோடு வரும். பற்றவைப்பு எதுவும் இல்லை. புதியதைப் பொருத்தி மூடியபின், கருவியின் அமைப்புப் பகுதியில் தண்டின் நடுநிலையை மீண்டும் பதிவு செய்தல் வேண்டும். இதை மறந்து புதிய உறுப்பையே குறைகூறுவோரும் உளர்.

எல்லாக் கன்ட்ரோலரும் இவ்வாறு இடங்கொடுப்பதில்லை. 2020இல் வந்த சோனியின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் தண்டின் கால்கள் மின்பலகையில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டுள்ளன. அவற்றை உருக்கி எடுக்கையில் பலகையின் செப்புத்தடம் பெயர்ந்துவிட்டால் கன்ட்ரோலரே பயனற்றுப்போகலாம். பழக்கமற்றோர் இதில் கைவையாதிருத்தல் நலம். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜில் தண்டைத் திருகாணிகூட இன்றிக் கழற்றி மாற்றலாம்! இயலாமை பொருளில் இல்லை, வகுத்த முறையில்தான் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

உராய்வே இல்லாத தண்டும் உண்டு. 1879இல் எட்வின் ஹால் கண்ட மின்காந்த விளைவே அதன் அடிப்படை. தண்டின் அடியில் ஒரு காந்தம் அசையும். உணரி அதனைத் தொடாமலே அளக்கும். தேய்வதற்கு அங்கே பூச்சு இல்லை. சேகா நிறுவனம் 1998இல் தன் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் இம்முறையைக் கையாண்டது. ஜாய்கானில் பொருந்தும் இவ்வகைத் தண்டுகளைப் பிற உற்பத்தியாளர் தனியே விற்கின்றனர். உறுப்பை மாற்ற நேர்ந்தால் அவற்றையே தேர்தல் தக்கது. ஆயினும் 2025இல் வெளிவந்த ஸ்விட்ச் 2இன் ஜாய்கான்களில் ஹால் உணரி இடம்பெறவில்லை.