கணக்கு உங்களுடையது, நம்பர் யாருடையது?

உயர்தரப் பெறுபேறு வெளியானால் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையிடம் மின்னஞ்சல் இல்லை என்றால், கடையில் இருக்கும் தம்பி தன்னுடையதையே போட்டு, வாய்க்கு வந்த ஒரு பாஸ்வேர்டையும் கொடுத்து, பிரின்ட் எடுத்துக் கையில் தந்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. சில மாதம் கழித்து விண்ணப்பம் என்ன ஆனது என்று பார்க்கப் போனால் கணக்கு திறக்காது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால், அதை மாற்றும் இணைப்பு அந்தத் தம்பியின் மின்னஞ்சலுக்குப் போகும். அவரோ அதற்குள் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார்.

தோட்டப் பக்கங்களில் "லொகின் ஆகுதில்ல" என்று கேட்கும் முறைப்பாடுகளில் பிரவுசர் கோளாறு சின்னப் பங்குதான். கணக்கின் பின்னால் யாருடைய நம்பர், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்பதே பெரும்பாலும் சிக்கல். இதே கதையை 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோதும் பார்த்தோம். முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீட்டர் என்று தொடங்கிய காலம் அது. பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டிகளை ஓட்டியவர்கள், பழைய உரிமையாளர் முந்திக்கொண்டு பதிந்திருந்ததால் பெற்றோல் செட்டில் தவித்தார்கள்.

பிரவுசரில் பார்க்க வேண்டியதை முதலில் முடித்துவிடுவோம். போனின் திகதி சரியா? ஒவ்வொரு இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கமும் முடிவுமாக இரண்டு திகதிகள் உண்டு. பட்டரி செத்து எழுந்த பழைய போன் பல வருடம் பின்னால் நின்றால், இணைப்பு பாதுகாப்பற்றது என்று பயமுறுத்தும். திகதியைத் திருத்தினால் போதும். டேட்டா மிச்சம் பிடிக்க ஒபெரா மினி வைத்திருந்தால், விண்ணப்பப் படிவங்களுக்கு மட்டும் குரோமுக்கு மாறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்தத் தளத்தின் குக்கிகளை அழித்துப் பாருங்கள், அல்லது பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். போன் கீபோர்ட் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும், சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தைத் தொட்டால் இரண்டும் தெரிந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். 2016க்கு முன் எடுத்த அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு 'வி' எழுத்தும் (சிலருக்கு 'எக்ஸ்') இருக்கும். புதியதில் பன்னிரண்டு இலக்கம், எழுத்து கிடையாது. 1900களில் பிறந்தவரின் பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைப் போட்டு, எழுத்தை விட்டுவிட்டால் புதிய இலக்கம். ஆள் ஒருவர்தான், ஆனால் கொம்பியூட்டருக்கு அவர் இரண்டு பேர். பழைய இலக்கத்தில் பதிந்த அம்மா, மகள் சொன்னாள் என்று பன்னிரண்டு இலக்கத்தைப் போட்டால், அப்படி ஒருவர் இல்லை என்றே பல தளங்கள் சொல்லும். முதலில் எந்த வடிவத்தில் பதிந்தீர்களோ அதையே போடுங்கள். நினைவில்லை என்றால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இதற்காகப் புதிதாக இன்னொரு கணக்குத் திறப்பதுதான் செய்யக்கூடாத வேலை. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு என்று பிறகு இரண்டையும் நிறுத்திவைத்தால் அலைச்சல் இரட்டிப்பு.

அடுத்தது ஓடிபி, மெசேஜில் வரும் ஒருமுறை இலக்கம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் மெசேஜைப் பார்த்து, லயத்துக்கு இறங்கி வந்து அடிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். போனையும் விண்ணப்பத்தையும் சேர்த்தே மேட்டுக்குக் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப ஓடிபி கேட்டால் கடைசியாக வந்த இலக்கம்தான் செல்லும், பல தளங்கள் கொஞ்ச நேரத்துக்குக் கணக்கைப் பூட்டியும் வைக்கும். ரீலோட் போடாமல் கிடந்து ரத்தான சிம்மை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும். அந்தச் சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். கடைக்காரர் பெயரிலோ வேலைக்கு வெளிநாடு போன மாமா பெயரிலோ இருந்தால், தொலைந்த அன்று அதே நம்பரில் புதிய சிம் எடுக்க முடியாது. டயலொக், மொபிடெல், ஹட்ச் எதுவானாலும் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொம்யூனிகேஷன் கடைக்குப் போகாதீர்கள் என்று எழுத மாட்டேன். அந்தக் கடைகள் இல்லாவிட்டால் பாதித் தோட்டத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழும்பும் முன் லொக் அவுட் செய்யுங்கள், பிரவுசரை மூடினால் மட்டும் போதாது. உங்கள் இலக்கத்தைப் போடத் தொடங்கும்போது வேறொருவரின் இலக்கம் தானாக வந்து நின்றால், உங்களுடையதும் அடுத்தவருக்கு அப்படித்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டை அனுமதியின்றி வேறொருவருக்குச் சொல்வதும் அதே சட்டத்தில் குற்றம்தான். கணக்கு களவு போனால் முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகள் எல்லாம் அதன் வழியாகத்தான் திறக்கும். பிறகு கணினி அவசரங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் அதற்கும் முன்னால் வங்கி, பிறகு பொலிஸ். திரையை போட்டோ எடுத்து வைத்திருங்கள். அஸ்வெசும நலன்புரிப் பணம் கூடுகிறது, இதை அழுத்துங்கள் என்று வட்ஸ்அப்பில் வரும் இணைப்பில் அடையாள அட்டை இலக்கத்தைப் போடாதீர்கள். அஸ்வெசும சந்தேகங்களுக்கு 1924, மற்ற அரச சேவைகளுக்கு 1919. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் ஒரு சட்டம் நிறைவேறியது, முழுதாக நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிக்கொண்டே போனது.

தமிழ்ப் பக்கத்தை அழுத்தினால் சிங்களமோ ஆங்கிலமோ வந்து நிற்கும் அரச தளங்கள் உண்டு. பிழைச் செய்தியைப் படிக்க முடியாதவர் அதை எப்படித் திருத்துவார்? அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இணையத்தில் முடியாததைப் பிரதேச செயலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் தாண்டிப்போன பிறகு நீங்கள் முயன்றதற்குச் சாட்சி அந்த முத்திரையும் நீங்கள் எடுத்த போட்டோவும்தான். விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாது என்றால் வாயால் சொல்லலாம், எழுதிக்கொள்ள வேண்டியது அவர் கடமை.