உபுண்டுவின் மின்மேலாண்மையும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கனானிக்கல் நிறுவனம், லினக்ஸ் அடிப்படையிலான உபுண்டு என்னும் திறந்தமூல இயங்குதளத்தின் முதற்பதிப்பை 2004 அக்டோபரில் வெளியிட்டது. மடிக்கணினியின் மின்கலச் செலவைக் குறைக்க லினக்ஸில் இருவகை ஓய்வுநிலைகள் முதன்மையாக உள்ளன.

முதல் வகையில், நடைபெறும் பணி தற்காலிக நினைவகத்திலேயே தங்கும். பிற உறுப்புகள் பெரும்பாலும் அடங்கும். கணினி சில நொடிகளில் விழிக்கும். எனினும் நினைவகத்திற்குச் சிறிதளவு மின்சாரம் இடையறாது தேவை. மின்கலம் தீர்ந்தால் சேமிக்காத பணி அழியும்.

இரண்டாம் வகையில், நினைவகத்தின் உள்ளடக்கம் வன்வட்டில் எழுதப்பட்டபின் கணினி அணைகிறது. மின்சாரமின்றியும் பணி காக்கப்படும். ஆயினும் பல கணினிகளில் இது நம்பகமாக இயங்காமையால், 2012இல் வெளிவந்த 12.04 பதிப்பில் இவ்வசதி இயல்பமைப்பிலிருந்து நீக்கப்பட்டது.

இவ்விரண்டையும் ‘உறக்கம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தால், சேமிக்காத கட்டுரையுடன் மடிக்கணினியை மூடுபவர் தம் பணி எந்நிலையில் உள்ளது என்பதை அறிய இயலாது. திருமாலின் விழிப்புடன் கூடிய துயிலைக் குறிக்கும் ‘அறிதுயில்’ என்னும் பழஞ்சொல், நினைவகம் விழித்திருக்கும் முதல்நிலைக்குப் பொருந்தும். இரண்டாவதை ‘ஆழ்துயில்’ எனலாம். சொல் வேறுபட்டால் பயனர் இழப்பைத் தவிர்க்க வழியுண்டு.