காய்ச்சல் விட்டதும் கொலஸ்ட்ரால் குறைந்ததா?

"அக்கா, அவருக்குக் கொலஸ்ட்ரால் 112-க்கு இறங்கிடுச்சு! இனிமே அந்த மாத்திரை வேண்டாம்தானே?"

பக்கத்து வீட்டுப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டினாள். டெங்குக் காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அவள் கணவர் வீடு திரும்பி நாலே நாள்தான் ஆகியிருந்தது.

வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 112 சரி. ஆனால் நல்ல கொலஸ்ட்ரால் என்கிறோமே, எச்.டி.எல்., அதுவும் 22-க்கு இறங்கியிருந்தது! ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் அது குறையாமல் இருக்க வேண்டும்.

நல்ல கொலஸ்ட்ராலுக்கு என்ன வேலை? வீட்டைப் பெருக்கிக் குப்பையை அள்ளுகிற வேலைதான். ரத்தக் குழாயில் படியும் கொழுப்பை வாரிக் கல்லீரலில் கொண்டு சேர்க்கிறது. குழாயின் உட்சுவர் புண்ணாகாமலும் காக்கிறது.

டெங்கு, கொரோனா போன்ற வைரஸ் நோய் கடுமையாகும்போது, கல்லீரல் வேறு வகைப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. அவற்றில் ஒன்று, எச்.டி.எல். துகளில் உள்ள நல்ல புரதத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல கொலஸ்ட்ராலின் அளவும் குறைகிறது. மிஞ்சியதும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. கெட்ட கொலஸ்ட்ராலும் கூடவே இறங்குவதால் மொத்தக் கணக்கு குறைந்து, நம்மை ஏமாற்றிவிடுகிறது. உடம்பு தேறத் தேற எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும்.

இந்தச் சமயத்தில் அசட்டையாக இருக்கலாமா? கூடாது. கனடாவில் ஃப்ளூ காய்ச்சல் பற்றி நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், நோய் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது தெரிந்தது.

எனவே சகோதரிகளே, கவனியுங்கள்:

* கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருந்தால், எப்போது மறுபடி தொடங்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* கடும் நோய்க்குப் பிறகு இரண்டு மாதம் கழித்துக் கொலஸ்ட்ராலைப் பரிசோதியுங்கள்.
* "இளைச்சுட்டாரே" என்று நெய்யும் பொரியலுமாகத் திணிக்க வேண்டாம். கஞ்சி, பருப்பு, காய்கறி, மீன் போதும்.
* தெம்பு வந்ததும் மெல்ல மெல்ல நடக்கச் சொல்லுங்கள்.
* நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி!

இரண்டு மாதம் கழித்து அவள் புதுக் காகிதத்தோடு வந்தாள். மொத்தம் 178, நல்லது 41.

"நல்ல வேளை அக்கா, மாத்திரையை நிறுத்தலை!"