வீட்டு நாயும் பூனையும்: நோய்க்குறி அறியும் முறை

நாஞ்சில் நாட்டுக் குடியானவர் வீட்டில் நெற்பத்தாயத்தை எலியினின்று காப்பது பூனை. தோப்பையும் தறிக்கூடத்தையும் இரவில் காப்பது நாய். நம் உழைப்பில் பங்கு கொள்ளும் இவ்விரு பிராணிகளின் உடல்நலத்தில் நாம் போதிய கருத்துச் செலுத்துவதில்லை. கறவை மாடு நோயுற்றால் அன்றைய பாலளவே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் அத்தகைய அளவுகோல் இல்லை. வலியை மறைத்து ஒதுங்கிக் கிடப்பது, சிறப்பாகப் பூனையின், இயல்பு. ஆகவே தின்னும் இரை, குடிக்கும் நீர், கழிக்கும் மலஜலம், நடை ஆகிய நான்கையும் நாள்தோறும் நோக்கி வருவதே நோயறியும் முதற்படியாகும்.

நோயை அறிய நலத்தை அறிதல் வேண்டும். நாயின் உடற்சூடு இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். பூனைக்கும் ஏறக்குறைய இவ்வளவே. ஆதலால் உடல் கைக்குச் சூடாகத் தோன்றுவதையோ மூக்கு உலர்ந்திருப்பதையோ கொண்டு காய்ச்சல் என முடிவு செய்தலாகாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது எளிய சோதனை. ஈறு கருமையான நாய்க்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். அவ்விடம் இளஞ்சிவப்பாக இருத்தல் நலம். வெளுத்திருப்பின், உண்ணியோ குடற்புழுவோ இரத்தத்தைக் குறைத்திருக்கலாம்.

அவ்விடம் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, வாந்தியும் சோர்வும் கண்டால் எலிக்காய்ச்சல் என ஐயுறல் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரால் இந்நோய் பரவுகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ நடவுக் காலங்களில் வயலில் இறங்கும் நாய்க்கு இது வரக்கூடும். அதே சேற்றில் நிற்கும் மனிதருக்கும் வரக்கூடும். எனவே நாயின் நோய் வீட்டாருக்கும் ஓர் எச்சரிக்கையாகும். அதன் சிறுநீரை வெறுங்கையால் தொடாதிருத்தல் நலம்.

குட்டி நாய் இரை மறுத்து, வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து கழியுமாயின், அது பார்வோ என்னும் கழிச்சல் நோயாக இருக்கலாம். 1978-ஆம் ஆண்டில் வெளிப்பட்டு உலகெங்கும் பரவிய நோய் இது. உடல் நீர் வற்றி இரண்டு மூன்று நாளில் குட்டி இறக்க நேரிடும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, பின்னர் வலிப்புக் காணுமாயின் டிஸ்டெம்பர் எனக் கருதலாம். இவ்விரண்டையும் தடுக்கத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு வாரம் முதல் எட்டு வாரத்திற்குள் அதனைத் தொடங்குதல் வேண்டும்.

பூனையிடம் மூன்று காரியங்கள் கவனிக்கத்தக்கன. முதலாவது, ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராது கத்துவது. இதனை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுவோர் உளர். சிறுநீர்த்தாரை அடைபட்டிருப்பின் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரண்டாவது நூல். தார் சுற்றும் இடத்தில் சிதறிய நூலைப் பூனை விளையாடி விழுங்கிவிடும். வாயிலோ மலவாயிலோ நூல்நுனி தெரிந்தாலும் அதனைப் பிடித்து இழுத்தலாகாது. இழுத்தால் குடல் அறுபடும். மூன்றாவது மருந்து. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது.

எல்லாவற்றினும் கொடியது வெறிநோய். சாதுவான நாய் காரணமின்றிச் சீறுவதும், குரல் மாறுவதும், எச்சில் ஒழுகுவதும், தள்ளாடி நடப்பதும் இதன் குறிகள். வெறிநாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்பது தவறான எண்ணம். அவ்வச்சம் நோயுற்ற மனிதருக்கே உரியது. சில நாய்கள் கடிக்கவே மாட்டா. தாடை தொங்கி, விழுங்க இயலாமல் ஒடுங்கிக் கிடக்கும். எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கைவிடுவோர் பேராபத்துக்கு உள்ளாகின்றனர்.

கடிபட்டவர் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் அப்பலாகாது. அன்றே அரசு மருத்துவமனையை அடைதல் வேண்டும். கடித்த நாயை 10 நாள் கவனிப்பது முறையே; ஆயினும் அதற்காக மனிதருக்குரிய ஊசியைத் தாமதித்தலாகாது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதும் இந்நோயின் கொடுமை கருதியே. வயிற்றில் பல ஊசிகள் குத்திக்கொள்ளும் பழைய முறையை எண்ணி இன்றும் சிலர் அஞ்சித் தயங்குகின்றனர். ஆட்டு மூளையினின்று செய்த அந்த மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டுடன் கைவிடப்பட்டது. இப்பொழுது ஊசி கையிலேயே போடப்படுகிறது.

இவ்வளவு துன்பத்தையும் தடுப்பது, மூன்று மாதக் குட்டிக்குப் போட்டுப் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு தடுப்பூசியே. நாய், பூனை இரண்டிற்கும் இது அவசியம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பிராணிக்கு ஊசி போட்ட தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைப்பாராக. மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, வலிப்பு, சிறுநீர்த் தடை ஆகியவற்றுள் ஒன்று காணினும் மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் உடனே கால்நடை மருத்துவரை நாடுவாராக. வாயில்லா ஜீவனின் நோயைக் காலத்தில் உணர்தல் அதன் உயிரைக் காக்கும். பல வேளைகளில் அவ்வீட்டுக் குழந்தைகளின் உயிரையும் காக்கும்.