நொமினி யார், வாரிசு யார்?

வங்கியில் கணக்குத் திறக்கும் படிவத்தில் 'பின்னுரித்தாளர்' என்றொரு பகுதி உண்டு. பேச்சில் நாம் நொமினி என்போம். உயர்தர வகுப்புக்கு வந்தபின் என் பெயரில் கணக்குத் திறக்கப் போனபோது, அங்கிருந்த உத்தியோகத்தர், "உம்மாட பேரைப் போடுவமா?" என்று கேட்டார். போட்டோம். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிட வேலையால் பேச்சுவார்த்தை நின்றுபோன உடன்பிறப்புகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் நொமினியை நியமிக்கும் ஏற்பாடு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 544 ஆம் பிரிவில் உள்ளது. கணக்குக்குரியவர் மௌத்தானால், மரணச் சான்றிதழையும் தன் அடையாள அட்டையையும் காட்டி நொமினி பணத்தைப் பெறலாம். கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு முடிந்துவிடும். நொமினி இல்லாவிட்டால் பெருந்தொகைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, சொத்தை நிருவகிக்கும் அதிகாரம் பெற வேண்டும். சட்டத்தரணி, பத்திரிகை அறிவித்தல், தவணைகள் என்று மாதங்கள் ஓடும். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மாதங்களின் அரிசிச் செலவு எங்கிருந்து வரும்? ஆகவே நொமினி போடுவது நல்லதே. போடாமல் விடுவதுதான் தவறு.

ஆனால் பணத்தை யார் கையில் கொடுக்கலாம் என்பது வங்கியின் கேள்வி. அது யாருடைய பணம் என்பது வேறு கேள்வி. மரண சாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டப்படியே சேர வேண்டும் என்று 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நம்மில் பெரும்பாலானோருக்கு அது ஷாபிஈ மத்ஹப். மார்க்கத்தின் பார்வையில் நொமினி ஓர் அமானிதக்காரர். பெற்றுக்கொள்ளும் கை அவருடையது, பணம் வாரிசுகளுடையது.

நானறிந்த ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். தொகையை மட்டும் கணக்குப் பார்க்க வசதியாக மாற்றியிருக்கிறேன். வாப்பா மௌத்து. மனைவி, இரண்டு பெண்மக்கள், மௌத்தானவரின் உடன்பிறந்த தம்பி ஒருவர். ஆண்மக்கள் இல்லை, பெற்றோரும் இல்லை. நிலையான வைப்பில் 24 இலட்சம் ரூபா. நொமினி மூத்த மகள். வங்கி முழுவதையும் அவரிடம் கொடுத்தது. சூரத்துன் நிஸாவின் 11, 12 ஆம் வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 இலட்சம். இரு மகள்மாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, ஆளுக்கு 8 இலட்சம். எஞ்சிய 5 இலட்சம் தம்பிக்கு. மூத்த மகளோ, "வாப்பா என்ட பேரத்தானே எழுதினார்" என்று நின்றுவிட்டார். வாப்பா எழுதியது பணத்தைப் போய் எடுத்துவர ஒரு பெயரை மட்டுமே.

பங்கிடுவதற்கு முன் வேறு கணக்குகளும் உண்டு. ஜனாஸாச் செலவு, பின்னர் கடன், பின்னர் வஸிய்யத்து. கடன் என்றதும் கடைக்கடனும் வங்கிக் கடனும்தான் நினைவுக்கு வருகின்றன. கொடுபடாத மஹரும் கணவன் மேலுள்ள கடன் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? ஒரு இலட்சம் மஹர் எழுதி அது கையில் வராமலே விதவையானவள், அதை முதலில் எடுத்துக்கொண்ட பிறகே எட்டில் ஒன்றுக்கு வர வேண்டும். பல வீடுகளில் இது கேட்கப்படுவதே இல்லை. கேட்டால் பேராசை என்பார்களோ என்று பெண்கள் வாய் திறப்பதில்லை. கேட்பது அவளுடைய ஹக்கு. வஸிய்யத்து மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. ஏற்கனவே பங்குள்ள ஒரு வாரிசுக்கு எழுதினால், மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி அது செல்லாது.

அப்படியானால் அந்த வாப்பா பெண்மக்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்பியிருந்தால் வழியில்லையா? இருக்கிறது. உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே, பிள்ளைகளுக்குச் சமமாக, ஹிபாவாகக் கொடுத்து அவர்கள் கையில் ஒப்படைத்திருக்கலாம். கூட்டுக் கணக்கில் பெயரைச் சேர்ப்பது மட்டும் ஹிபா ஆகாது. கால் நோவுக்காரரான வாப்பா, தனக்காகப் பணம் எடுத்து வர மகளின் பெயரையும் சேர்த்தால், பணம் வாப்பாவுடையதாகவே இருக்கும். 'எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று படிவத்தில் இருப்பதால் வங்கி மகளுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கப்ரடியிலிருந்து திரும்பிய கையோடு மௌத்தானவரின் ஏ.டி.எம். அட்டையோடு ஓடுவது. கத்தத்துக்குத்தானே, வீட்டுச் செலவுக்குத்தானே என்பார்கள். உயிர் பிரிந்த கணத்திலேயே அது எல்லா வாரிசுகளின் பணமாகிவிடுகிறது. வயது வராத பிள்ளை ஒன்று இருந்தால் அது எதீமின் பணமும்கூட. எடுப்பதானால் எல்லோரும் அறிந்து, எழுதி வைத்து எடுக்க வேண்டும், அதிலும் எதீமின் பங்கில் கை வைக்கக் கூடாது.

வீட்டில் யாருக்கும் தெரியாத கணக்குகளும் உண்டு. பத்து வருடங்கள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படுகிறது. அதன் பிறகும் உரியவர்கள் தங்கள் வங்கியூடாகக் கோரலாம். ஆனால் கணக்கு இருப்பதே தெரியாத பிள்ளைகள் எதைக் கோருவது? வஸிய்யத்து செய்ய வேண்டியது ஏதும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் பயானில் கேட்கிறோம், எழுதுவதில்லை. ஒரு கொப்பித் தாள் போதும். எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கிலக்கம், நொமினி யார், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், அடகில் இருக்கும் நகை, மஹர் கொடுத்தாயிற்றா இல்லையா. தாள் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அட்டையின் இரகசிய இலக்கத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம்.