குளிர்ந்தால் சுரக்கும் கண்ணீர்

அரக்கோணத்தில் காலை மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். திருவாலங்காடு தாண்டுவதற்குள் பெட்டியில் பலரும் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள். பிறகு நாள் முழுக்கக் கணினி, திரும்பும் வழியில் மீண்டும் கைப்பேசி. மாலையானால் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது. திரையின் வெளிச்சம்தான் கண்ணைக் காயவைக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. காயவைப்பது காற்று. திரை, நம்மை இமைக்க விடாமல் செய்கிறது.

கண்ணின் முன்பரப்பான கார்னியாவில் ரத்தக் குழாய்களே கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்கும். விழித்திருக்கும் நேரத்தில் அது ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனே உள்ள கண்ணீர்ப் படலம். இமை ஓரத்து மெய்போமியன் சுரப்பிகள் தரும் எண்ணெய் அதன்மேல் பரவி, நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. எண்ணெயைப் பிழிவதும் பரப்புவதும் இமைதான்.

ஜப்பானில் சுபோட்டா, நகமோரி என்ற இரு ஆய்வாளர்கள் அலுவலகப் பணியாளர்களின் இமைப்பை எண்ணி 1993இல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை, புத்தகம் படிக்கையில் 10, கணினித் திரையில் 7. புத்தகத்திலும் இமைப்பு குறைகிறதே என்று கேட்கலாம். ஆனால் புத்தகத்தைக் குனிந்து படிக்கிறோம்; மேலிமை தாழ்ந்து கண்ணில் பாதியை மூடிக்கொள்கிறது. நேர் எதிரே நிற்கும் கணினிக்கோ கண் அகலத் திறந்திருக்கிறது.

எனக்குப் பெரும் வியப்பு, கண் தன் வறட்சியை அறியும் விதம். நீர் ஆவியாகும்போது பரப்பு சற்றே குளிர்கிறது. அந்தச் சிறு குளிர்ச்சியைக் கார்னியாவின் நரம்பு முனைகள் உணர்ந்து கண்ணீரைச் சுரக்கத் தூண்டுகின்றன. ஸ்பெயினில் கார்லோஸ் பெல்மோன்டே குழு 2010இல் இதைக் காட்டியது. குளிரை உணரும் புரதம் இல்லாத எலிகளுக்கு இயல்பான கண்ணீர் குறைந்திருந்தது. வறட்சி முற்றி எரிச்சலாகும்போது கண்ணீர் கொட்டும். அதனால்தான் வறண்ட கண்ணிலும் நீர் வடிகிறது. ஆனால் திடீரென்று பெருகும் அந்த நீர் கண்ணில் தங்குவதில்லை.

ஆகவே திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஜன்னலோரக் காற்றும் ஏசி காற்றும் முகத்தில் நேராக அடிக்க விடாதீர்கள். அவ்வப்போது இரண்டு இமைகளும் தொடும்படி முழுதாக மூடித் திறங்கள். உறுத்தல் நீடித்தால் கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து விட்டுக்கொண்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம்.